வரப்பு தாண்டும் விஷம்

எங்கள் காலனிக்கும் பருத்திக்காட்டுக்கும் நடுவே ஒரு வரப்புதான். மருந்தடிக்கும் நாளில் சாரல் எங்கள் முருங்கையிலும் கீரைப்பாத்தியிலும் கொடியில் காயும் துணியிலும் படிகிறது. டேங்கைச் சுமப்பதும் எங்கள் ஆட்கள்தான். அந்தக் கீரையைத் தின்பதும் நாங்கள்தான். எங்களை வயலோரத்தில் ஒதுக்கிக் குடிவைத்தது சாதி.

கேரளத்தின் காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களின்மேல் ஹெலிகாப்டரிலிருந்து எண்டோசல்பான் தெளித்தார்கள். அது வீடுகளிலும் கிணறுகளிலும் விழுந்தது. மக்கள் ஓயாமல் போராடினார்கள். 2011இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2017இல் பாதிக்கப்பட்டோருக்குத் தலா 5 லட்சம் ரூபாய் வழங்கச் சொன்னது.

தோழர்களே, அடுத்த கிராம சபையில் தீர்மானம் கொண்டு வருவோம்: என்ன மருந்து, எந்த நாள் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும், காற்று வீசும்போது அடிக்கக் கூடாது, வீட்டோரம் இடைவெளி விட வேண்டும். எங்கள் கொல்லைக் கீரையும் பயிர்தான்.