சோழரோடு முடியாத தஞ்சாவூர்

தஞ்சாவூருக்கு வருகிறவர்களில் பலர் பெரிய கோயிலைப் பார்த்த கையோடு கும்பகோணம் பேருந்தில் ஏறிவிடுகிறார்கள். 1010இல் இராசராசன் கட்டி முடித்த அந்தக் கோயிலுக்கு எவ்வளவு நேரம் கொடுத்தாலும் தகும். ஆனால் இந்த ஊரின் கலையைச் சோழரோடு முடித்துக்கொள்ளக் கூடாது. அதற்குக் கோயிலே சாட்சி. கோயிலில் ஆடிய தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேரின் பெயர்களைச் சோழர் கல்வெட்டு சொல்கிறது. அதே கோயிலின் சுவரில்தான் மராத்திய மன்னர் இரண்டாம் சரபோஜி காலத்தில், 1803இல், போன்ஸ்லே வம்ச வரலாறு மராத்தியில் பொறிக்கப்பட்டது. கருவறையைச் சுற்றிய உள்வழியிலோ சோழர் ஓவியத்தின் மேலேயே நாயக்கர் காலத்தார் தீட்டினார்கள். அடியில் இருப்பது 1931இல்தான் தெரியவந்தது.

பின்னாளில் இந்த ஊரை ஆண்ட நாயக்கரும் மராத்தியரும் வெளியிலிருந்து வந்தவர்கள், அவர்கள் அவையில் தெலுங்குக்குத்தானே முதல் மரியாதை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தமிழிசையின் தொன்மையை நிறுவ ஆபிரகாம் பண்டிதர் இதே ஊரில் இருந்துகொண்டு 1917இல் ‘கருணாமிர்த சாகரம்’ என்ற பெருநூலை வெளியிட வேண்டியிருந்தது. ஆனாலும் இன்று எந்தக் கர்நாடக இசை மேடையிலும் பாடகர் கையாளும் 72 மேளகர்த்தா ராக முறைக்கு மூலம், நாயக்கர் அவையில் வேங்கடமகி எழுதிய நூல். அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடியும், முன்பு சதிர் எனப்பட்ட பரதநாட்டியத்தின் வரிசையை ஒழுங்கு செய்தவர்கள் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற தமிழ் நட்டுவனார் வீட்டுச் சகோதரர்கள். அவர்களை ஆதரித்தது மராத்திய அரண்மனை. இந்தக் கலப்பைக் கழித்துவிட்டால் நமக்குக் கச்சேரியும் இல்லை, சதிரும் இல்லை.

அந்தக் கச்சேரி சென்னைக்குப் போய் வெகுகாலமாயிற்றே என்பது அடுத்த மறுப்பு. 1855இல் மராத்திய அரசு முடிந்தபின் வித்வான்கள் ஆதரவு தேடிச் சென்னைக்குப் போனது உண்மைதான். கைத்தொழில் போகவில்லை. பலா மரத்தைக் குடைந்து வீணை செய்யும் ஆசாரிகள் இன்னும் இங்கே இருக்கிறார்கள். முழுக்க ஒரே மரத்தில் கடைந்தால் அது ஏகாந்த வீணை. தங்க ரேக்கு ஒட்டிப் படம் எழுதுகிறவர்களும், தட்டில் வெள்ளித் தகடு பதிக்கிறவர்களும், சற்றுத் தள்ளிச் சுவாமிமலையில் மெழுகு பிடித்து ஐம்பொன் வார்க்கும் ஸ்தபதிகளும் அப்படியே. அரண்மனை வளாகத்தில் சரஸ்வதி மகால் ஓலைச்சுவடிகளைக் காத்து நிற்கிறது. ஜனவரியில் திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை. பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைக் காவிரிக் கரையில் நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து பாடும்போது யாரும் டிக்கெட் கேட்பதில்லை. அந்த வாரத்தில் வருகிறவர்கள் கோயிலுக்கு ஒரு நாள், பட்டறைகளுக்கும் அரண்மனைக்கும் ஒரு நாள், ஆற்றங்கரைக்கு ஒரு நாள் என்று ஒதுக்கிக்கொள்ளட்டும்.