சம்பளம் எவ்வளவாம்?

ஐரோப்பாவில் ஒரு தூதரகத்தின் வர்த்தகப் பிரிவில் மூன்று மாத இன்டர்ன்ஷிப். என்னைத் தெரிவுசெய்திருப்பதாக வந்த மின்னஞ்சலை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "சம்பளம் எவ்வளவாம்?" என்று கேட்டா. சம்பளம் இல்லை. டிக்கெட், விசா, அறை வாடகை, சாப்பாடு எல்லாம் எங்கட செலவு.

நேர்முகத்துக்காக இரண்டு கிழமை கறுவாவைப் பற்றியே படித்தேன். கலைப்பீடத்துக்காரிக்குக் கறுவாவில என்ன வேலை என்று ரூம்மேட் சிரித்தாள். சுங்கத்தின் எச்.எஸ். குறியீட்டில், அரைக்காத எங்கட கறுவாவுக்கு 0906.11 என்று தனி எண் இருக்கு. கசியா மாதிரி மற்றதுகளுக்கு 0906.19. ஆனால் கடைத் தட்டில் இரண்டுமே 'சினமன்'தான், கசியா மலிவு. 2022 பெப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியம் 'சிலோன் சினமன்' என்ற பெயருக்குப் புவிசார் பாதுகாப்புக் கொடுத்தது. இந்த வித்தியாசத்தை இறக்குமதியாளருக்கு விளங்கப்படுத்துவது, கண்காட்சியில் வாங்குபவரையும் விற்பவரையும் சந்திக்க வைப்பது எல்லாம் வர்த்தகப் பிரிவின் வேலை. எனக்கு உண்மையிலேயே ஆசை பிடித்துவிட்டது.

பெரிய இடங்களிலும் இதே கதைதான். 2015இல், ஐ.நா.வில் சம்பளமில்லாமல் வேலை செய்த ஒரு பெடியன் ஜெனீவாவில் கூடாரம் அடித்துத் தங்கியது செய்தியானது. அமெரிக்க வெளியுறவுத் திணைக்களமே தன்ர மாணவர் இன்டர்ன்ஷிப்புக்கு 2022இல்தான் சம்பளம் கொடுக்கத் தொடங்கியது. அதுவரை ஆர் போயிருப்பினம்? வீட்டில காசு இருந்த பிள்ளைகள்தானே.

வர இயலாது என்று பதில் எழுதினேன். முதலில் 'தனிப்பட்ட காரணம்' என்று அடித்தேன். பிறகு அதை அழித்துவிட்டு, 'வாடகைக்குக் காசில்லை' என்றே போட்டேன்.

இன்னும் பதில் வரவில்லை.