ஓடு சுமந்த பிள்ளைகள்



ஜப்பானில் ஒகயாமா பகுதியில் தகஹாஷி என்று ஒரு ஊர் இருக்கிறது. அங்கே மலைமேல் 430 மீட்டர் உயரத்தில் பிச்சூ மத்சுயாமா கோட்டை நிற்கிறது. பனிக்காலம் நெருங்கும்போது விடியற்காலையில் கீழே எல்லாம் மேகம் மூடிவிடும். கோட்டை மட்டும் தனியாக மிதக்கிற மாதிரி தெரியும்.

1240-ல் அந்த மலையில் முதல் கோட்டை கட்டினார்கள். இப்போது இருக்கும் மரக்கோபுரம் 1683-ல் முடிந்தது. ஜப்பானில் பழைய கோபுரம் அப்படியே மிஞ்சிய கோட்டைகள் 12 தான். அதில் இதுதான் ரொம்ப உயரத்தில் இருக்கிறது.

ஷோகன் ஆட்சி போனபிறகு 1873-ல் கோட்டைகளை ஒழிக்கச் சொல்லி அரசாங்கம் உத்தரவு போட்டது. இந்தக் கோட்டையை வெறும் 7 யென்னுக்கு விற்றுவிட்டார்கள்! வாங்கியவர் கீழே இருந்த கட்டடங்களைப் பிரித்துவிட்டார். மேலே ஏறி இடிக்கச் செலவு அதிகம் என்று அதை அப்படியே விட்டுவிட்டார். எதிரி வரக்கூடாது என்று தேடிப்பிடித்த உயரம், கடைசியில் இடிக்க வந்தவரையும் தடுத்துவிட்டது.

ஆனால் கவனிக்க ஆள் இல்லாமல் கூரை சரிந்தது, மரம் செடி முளைத்தது. அப்புறம் ஒரு பள்ளி ஆசிரியர் மலையேறி, கோட்டையை ஆராய்ந்து புத்தகம் எழுதினார். அதைப் பார்த்துத்தான் ஊர் விழித்தது. 1940-ல் கோபுரத்தைச் சரிசெய்து முடித்தார்கள். அதற்கு வேண்டிய ஓடுகளைப் பள்ளி மாணவர்களும் மலைமேல் சுமந்து போனார்கள்.

இதைப் படித்ததும் எனக்கு எங்க அம்மா ஞாபகம்தான் வந்தது. அம்மா சித்தாள் வேலைக்குப் போறாங்க. செங்கல்லைத் தலையில் வைத்துச் சாரத்தில் ஏறுவாங்க. ராத்திரி கழுத்து வலிக்குதுன்னு எண்ணெய் தேய்க்கச் சொல்லுவாங்க. கட்டடம் முடிந்ததும் கல்வெட்டு வைப்பார்கள். அதில் அம்மா பேர் ஒருநாளும் இருந்ததில்லை.

2018-ல் அந்தப் பக்கம் பெருவெள்ளம் வந்து, கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். அப்போது அங்கே வந்து சேர்ந்த ஒரு பூனைக்கு சஞ்சூரோ என்று பேர் வைத்து, கோட்டைத் தலைவர் ஆக்கினார்கள். அதைப் பார்க்கவே மறுபடி கூட்டம் வந்தது. பூனையின் பேர் எனக்குத் தெரியும். ஓடு சுமந்த பிள்ளைகளில் ஒருத்தர் பேரும், நான் படித்ததில் இல்லை.

பரீட்சையில் "கட்டியவர் யார்?" என்று கேட்டால் ராஜா பேரை எழுதுவோம். எழுதத்தான் வேண்டும். ஆனால் சுமந்தது யார் என்றும் ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்க.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி