ஏர்பேட்டில் இறங்கும் சகோதரருக்கு



சென்னையிலிருந்து அரக்கோணம், திருத்தணி, புத்தூர் வழியாக ரேணிகுண்டாவுக்கு வந்து, அங்கே கூடூர் பக்கம் செல்லும் பாசஞ்சர் வண்டியில் மாறி ஏறியவர்களுக்கு ஏர்பேடு தெரிந்திருக்கும். சிறிய நிலையம். பைகளையும் பிள்ளைகளையும் சற்று அவசரமாகவே இறக்க வேண்டும். திருப்பதியிலிருந்து பேருந்தில் வருகிறவர்கள் 71-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், காளஹஸ்திக்கு முன்பாக, வேங்கடகிரிச் சாலை பிரிகிற இடத்தில் இறங்குவார்கள். 2022 ஏப்ரல் வரையில் சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர்; இன்று திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. தமிழும் தெலுங்கும் ஒரே வீட்டுத் திண்ணையில் கலந்து ஒலிக்கும் எல்லைச் சீமை இது.

ஏர்பேட்டுக்கு வெளியூரிலிருந்து ஆட்கள் வருவது புதிதல்ல. மலையாள சுவாமி என்று அழைக்கப்பட்ட துறவி 1926-இல் இங்கே வியாசாசிரமத்தை நிறுவியபோது, சாஸ்திரம் கற்க மாணவர்கள் வந்தார்கள். 2015-இல் தொடங்கப்பட்ட திருப்பதி ஐ.ஐ.டி.யும், அதே ஆண்டில் தொடங்கப்பட்ட அறிவியல் ஆய்வுக் கல்வி நிறுவனமான ஐசரும் தங்கள் நிரந்தர வளாகங்களை இந்த வட்டாரத்தில் அமைத்திருக்கின்றன. இப்போது நாடெங்குமிருந்து பிள்ளைகள் பெட்டி படுக்கையுடன் வந்து இறங்குகிறார்கள்.

ஆனால் இந்தக் கட்டுரை படிக்க வருகிறவர்களுக்காக எழுதப்பட்டதல்ல. பிழைப்புக்காகப் பட்டணம் போய், பண்டிகைக்கோ திருமணத்துக்கோ துக்க வீட்டுக்கோ திரும்பி வருகிறவர்களுக்காக எழுதப்பட்டது. அவர்களிலும் ஒருவருக்காக. அவர் சில மாதங்களுக்கு முன்பு குடியை விட்டவர்.

நடைமேடையில் ஒரு நிமிடம்

அந்த ஒருவர் நீங்களாக இருக்கலாம். எட்டு மாதமாக ஒரு சொட்டும் தொடவில்லை. பட்டணத்தில் உங்களுக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. வேலை முடிந்ததும் வீடு, புதன்கிழமை கூட்டம், மாலை ஏழு மணிக்குப் போன் செய்து, "தம்பி, சாப்பிட்டாயா?" என்று கேட்கும் ஓர் அண்ணன். மனைவியின் முகத்தில் இப்போதுதான் சற்றே வெளிச்சம் வந்திருக்கிறது.

ஊருக்கு வந்ததும் அந்த ஒழுங்கு முழுவதும் ரேணிகுண்டாவுக்கு அப்பால் நின்றுவிடுகிறது. இங்கே உங்களை அறிந்தவர்கள் எல்லாரும் பழைய மனிதனையே அறிந்தவர்கள். டீக்கடை பெஞ்சில் இருக்கும் நண்பன் எழுந்து வந்து தோளில் கை போடுகிறான். "எப்ப வந்தே மச்சான்? சாயங்காலம் உட்காரலாமா?" என்கிறான். அவன் தீயவன் அல்ல. அவனுக்குத் தெரிந்த அன்பு அதுதான். அவன் நீட்டுகிற டீத் தம்ளரைப் பாருங்கள். அவன் கை நடுங்குகிறது. இன்று இன்னும் குடிக்காததினால் வரும் நடுக்கம் அது. ஒரு காலத்தில் உங்கள் கையும் அப்படித்தான் நடுங்கியது.

இப்போது என்ன செய்வீர்கள்? ஒதுங்கிப் போவது ஒரு வழி. அது தவறல்ல, முதல் நாட்களில் அதுவே அறிவு. ஆனால் வேறொரு வழியும் உண்டு. அதைக் கண்டடைந்தவரும் ஒரு வெளியூர்ப் பயணிதான்.

ஹோட்டல் கூடத்தில் ஒரு மனிதர்

1935 மே மாதம். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் உள்ள ஆக்ரன் நகரம். நியூயார்க்கிலிருந்து வியாபார வேலையாக வந்த பில் வில்சன் என்பவர் மேஃபிளவர் ஹோட்டலின் கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். வந்த காரியம் தோல்வி. கையில் பணமில்லை, அந்த ஊரில் அறிந்தவர் ஒருவருமில்லை. அவர் குடியை விட்டு ஐந்து மாதமே ஆகியிருந்தது. கூடத்தின் ஒரு பக்கத்தில் மதுக்கூடம், சிரிப்பொலி கேட்கிறது. மறுபக்கத்தில் தொலைபேசியும், ஊரிலுள்ள சபைகளின் பட்டியலும்.

அந்த வேளையில் அவருக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. நியூயார்க்கில் அவர் பல மாதங்களாகக் குடிகாரர்களைத் தேடிப் போய்ப் பேசியிருந்தார். ஒருவரும் திருந்தவில்லை. அதைச் சொல்லி அவர் சோர்ந்துபோனபோது, மனைவி லோயிஸ் ஒன்றைச் சுட்டிக்காட்டினார்: மற்றவர்கள் திருந்தாவிட்டாலும், இவர் குடிக்காமல் இருக்கிறாரே! அப்படியானால் அந்த உழைப்பு வீணாகவில்லை; அது அவரையே தாங்கியிருக்கிறது. இன்றிரவு தான் பிழைக்க வேண்டுமானால், தன்னைப் போல் தவிக்கும் வேறொருவரைக் கண்டாக வேண்டும் என்று அவருக்குப் புரிந்தது. மதுக்கூடத்தின் பக்கம் போகாமல், பட்டியலில் இருந்த ஒரு போதகருக்குப் போன் செய்தார்.

ஒருவர் மூலம் ஒருவராக, கடைசியில் டாக்டர் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரின் விவரம் கிடைத்தது. அவரும் குடியினால் நொடிந்துகொண்டிருந்தவர். மே 12, அன்னையர் தினத்தன்று இருவரும் சந்தித்தார்கள். பதினைந்து நிமிடத்துக்கு மேல் இருக்க மாட்டேன் என்ற எண்ணத்தோடு வந்த மருத்துவர் இரவு பதினொரு மணிக்குப் பிறகே எழுந்தார். காரணம் என்ன? வில்சன் உபதேசம் செய்யவில்லை. நியூயார்க்கில் அவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் சில்க்வொர்த், பிரசங்கத்தைக் குறைத்து நோயின் உண்மையை முதலில் சொல்லும்படி ஆலோசனை கூறியிருந்தார். ஆகவே அவர் தன் சொந்த வீழ்ச்சியை ஒளிக்காமல் சொன்னார். "இவன் என்னைப் போன்றவன்" என்று டாக்டருக்குத் தோன்றியது.

டாக்டர் பாப் ஒருமுறை மறுபடியும் விழுந்தார். ஆனால் 1935 ஜூன் 10-இல் அவர் குடித்ததே கடைசி. சில நாட்களில் இருவரும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த மூன்றாவது ஒருவரைக் காணப் போனார்கள். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற உலகளாவிய கூட்டுறவு அப்படித்தான் பிறந்தது. டாக்டர் பாப் 1950-இல் மரிக்கும்வரை, சிஸ்டர் இக்னேஷியா என்ற கன்னிகாஸ்திரியின் துணையுடன், ஏறத்தாழ 5,000 பேருக்குக் கட்டணமின்றி உதவினார் என்பார்கள். இந்தியாவில் 1957 முதல் அந்தக் கூட்டங்கள் நடைபெறுகின்றன. சென்னையில் தமிழிலும் நடைபெறுகின்றன.

அனுபவம் கற்பித்ததை ஆராய்ச்சியும் பின்னர் சோதித்துப் பார்த்தது. அமெரிக்காவில் 1,726 பேருக்குச் சிகிச்சை அளித்து நடத்தப்பட்ட பெரிய ஆய்வின் விவரங்களை 2004-இல் மரியா பகானோ என்பவரும் அவருடைய குழுவினரும் அலசினார்கள். சிகிச்சைக்குப் பிறகு வந்த ஆண்டில், மற்ற குடிநோயாளிகளுக்கு உதவி செய்தவர்களில் 40 சதவீதம் பேர் ஒருமுறைகூடக் குடிக்கவில்லை. உதவி செய்யாதவர்களில் அப்படி இருந்தவர்கள் 22 சதவீதமே. உதவுவது ஒன்றே போதும் என்று இதற்கு அர்த்தமல்ல. ஆனால் உதவுகிற கை தன்னையும் பிடித்துக்கொள்கிறது என்பதை மறுக்க முடியாது.

கடை மூடும், கடை திறக்கும்

ஏர்பேட்டுக்குத் திரும்புவோம். இந்த இருப்புப் பாதை கூடூரில் போய்ச் சேருகிறது. அதற்கும் வடக்கே நெல்லூர். அந்த மாவட்டத்தின் தூபகுண்டா கிராமத்தில் 1992-இல் ரோசம்மா முதலிய பெண்கள் சாராயக் கடைக்கு எதிராக எழுந்தார்கள். எழுத்தறிவு வகுப்பில் ஒன்றுசேர்ந்து படிக்கத் தொடங்கிய ஏழைப் பெண்கள் அவர்கள். அந்த நெருப்பு மாநிலமெங்கும் பரவி, 1993 அக்டோபரில் சாராயம் தடை செய்யப்பட்டது. 1995 ஜனவரியில் முழு மதுவிலக்கும் வந்தது. 1997-இல் அது தளர்த்தப்பட்டது. 2019-க்குப் பிறகு அரசே கடைகளை நடத்தியது. 2024 அக்டோபரில் அவை மீண்டும் தனியார் கைக்குப் போயின. தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறை விற்பனை முழுவதும் டாஸ்மாக்கிடம் இருக்கிறது.

அந்தத் தாய்மார்களின் போராட்டத்தை எவரும் சிறிதாக எண்ண வேண்டாம். எனினும் கடை மூடுவதும் திறப்பதும் நம் கையில் இல்லை. திறந்த கடைக்கு முன்னால் இன்று மாலை நடந்து போக வேண்டிய ஒரு மனிதனுக்கு, அருகே நடக்கிற இன்னொரு மனிதன் தேவை. 2019-இல் வெளியான மத்திய அரசின் ஆய்வறிக்கையின்படி, மதுவினால் தொல்லைப்பட்டு உதவி தேவைப்படுகிற இந்தியர்கள் 5.7 கோடிக்கும் மேற்பட்டோர். மதுவுக்கு அடிமைப்பட்டவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெற்றதாக அதே அறிக்கை கூறுகிறது. மீதி 37 பேரில் ஒருவன்தான் டீக்கடையில் உங்கள் தோளில் கை போட்டவன்.

நம் தமிழகத்திலும் ஒரு சாட்சி உண்டு. சென்னையைச் சேர்ந்த சாந்தி ரங்கநாதன் தம் கணவரை 1979-இல் குடிநோய்க்குப் பறிகொடுத்தார். கதவை மூடிக்கொண்டு அழுது முடிக்காமல், 1980-இல் கணவரின் பெயராலேயே ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். அதுவே சென்னை இந்திரா நகரில் டி.டி.கே. மருத்துவமனையாக வளர்ந்தது. ஆஸ்பத்திரிக்கு வர இயலாத கிராமத்தாரைத் தேடி, 1989 முதல் மஞ்சக்குடி போன்ற ஊர்களுக்கே சென்று முகாம்கள் நடத்தினார்கள். ஊராரும் குடும்பத்தாரும் அருகிருக்க, ஊரிலேயே சிகிச்சை. 1992-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. குடித்தவர் மட்டுமல்ல, குடியினால் காயப்பட்டவரும் பிறரைத் தாங்கும்போது எழுந்து நிற்க முடியும் என்பதற்கு அவருடைய வாழ்க்கை அத்தாட்சி.

ஏன் அது உங்களைத் தாங்குகிறது?

முதலாவது, மறதி. எட்டு மாதம் ஆனதும், குடித்த நாட்களின் அவமானம் மங்கி, சுகம் மட்டும் நினைவில் நிற்கும். "ஒரே ஒருமுறை" என்ற எண்ணம் அந்த மறதியில்தான் முளைக்கிறது. நடுங்குகிற கையைப் பிடித்துக்கொண்டு உங்கள் கதையைச் சொல்லும்போது, முழு உண்மையும் உங்களுக்கே திரும்ப நினைவூட்டப்படுகிறது.

இரண்டாவது, வெறுமையான மாலை வேளை. குடி விட்ட இடத்தில் பெரிய வெற்றிடம் இருக்கிறது. ஏழு மணிக்கு ஒருவன் உங்களுக்காகக் காத்திருப்பான் என்றால், அந்த ஏழு மணி கடைக்குச் சொந்தமல்ல.

மூன்றாவது, மதிப்பு. பல ஆண்டுகள் வீட்டாருக்குப் பாரமாக இருந்தவன், முதன்முறையாக ஒருவனுக்குப் பயனுள்ளவனாகிறான். நீங்கள் வெட்கப்பட்டு மறைத்த அந்த ஆண்டுகளே இப்போது ஒருவனுக்கு மருந்தாகின்றன. சபையில் சாட்சி சொல்லி அமர்ந்தவர்களுக்கு இது தெரியும்: கேட்டவர்களைவிடச் சொன்னவரே அன்று அதிகம் பலப்பட்டார்.

எப்படிச் செய்வது?

ஆனால் பிரியமானவர்களே, ஆர்வம் மட்டும் போதாது, ஞானமும் வேண்டும்.

மதுக்கடைக்குள் புகுந்து அவனை இழுத்துவர முயலாதீர்கள். தனியாகவும் போகாதீர்கள்; குடிக்காத ஒருவரைக் கூட அழைத்துச் செல்லுங்கள். பகல் வேளையில், அவன் தெளிந்திருக்கும்போது, சுவர்ணமுகி ஆற்றுப் பக்கமோ வயல் வரப்பிலோ நடந்தபடியே பேசுங்கள். அவனுடைய தவறுகளைப் பட்டியலிடாமல் உங்கள் தவறுகளைச் சொல்லுங்கள். பணம் கொடுக்க வேண்டாம். சாப்பாடு வாங்கிக் கொடுங்கள்.

நெடுங்காலம் நிறையக் குடித்தவன் திடீரென்று நிறுத்தினால், ஓரிரு நாட்களில் வலிப்பு வரலாம். மூன்று நாட்களுக்குள் மனம் குழம்பி, இல்லாததைக் காணவும் கூடும். அது உயிருக்கே ஆபத்து. அதை ஆவியின் பிரச்சினை என்று மட்டும் எண்ணி வீட்டில் வைத்திராதீர்கள். ஜெபம் நிற்க வேண்டியதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலும் ஜெபிக்கலாம். 14446 என்ற தேசியப் போதை மீட்பு உதவி எண்ணை இருவருடைய போனிலும் பதிந்துகொள்ளுங்கள்.

அவன் கேட்கவில்லையா? மறுபடியும் குடித்துவிட்டானா? அதை உங்கள் தோல்வியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். லோயிஸ் கண்டுகொண்டதை நினைத்துப் பாருங்கள்: அந்த மாலையும் நீங்கள் குடிக்கவில்லை. பசி, கோபம், தனிமை, களைப்பு ஆகிய நான்கும் உங்களைச் சூழும் நாளில் மட்டும், பிறரைத் தேடிப் போகாமல், உங்களைத் தாங்குகிற அண்ணனுக்கு முதலில் போன் செய்யுங்கள். தாங்குகிறவனையும் ஒருவர் தாங்க வேண்டும்.

சகோதரிகளே, கணவருடைய குடி உங்கள் குற்றமல்ல. லோயிஸ் வில்சன் 1951-இல் குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்காக அல்-அனான் கூட்டுறவைத் தோற்றுவித்தார். உங்கள் தெருவிலும் முகம் வாடியிருக்கும் ஒரு சகோதரி இருப்பார். அவரிடம், "எனக்கும் இப்படித்தான் இருந்தது, அக்கா" என்று சொல்லிப் பாருங்கள். அந்த ஒரு வார்த்தை இருவர் பாரத்தையும் இலகுவாக்கும்.

திரும்பும் வண்டி

விடுமுறை முடிகிறது. ரேணிகுண்டா பக்கம் செல்லும் வண்டிக்காக மறுபடியும் அதே நடைமேடையில் நிற்கிறீர்கள். உங்கள் நண்பன் வழியனுப்ப வந்திருக்கிறான். அவன் விட்டுவிட்டானா? தெரியாது. நேற்று ஒருநாள் குடிக்கவில்லை என்கிறான். டாக்டரிடம் வருவதாகச் சொல்கிறான். அதை நம்பலாமா என்று நீங்கள் கணக்குப் பார்க்க வேண்டாம்.

அவனுடைய எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பட்டணத்தில் உங்களுக்கு மாலை ஏழு மணிக்குப் போன் வருகிறதல்லவா? அது முடிந்ததும், ஏழரை மணிக்கு நீங்கள் ஏர்பேட்டுக்குப் போன் செய்யுங்கள். "தம்பி, சாப்பிட்டாயா?" என்று கேளுங்கள். அவன் சொல்லும் பதில் எதுவானாலும், அந்த ஏழரை மணிக்கு உங்கள் கையில் இருப்பது தம்ளர் அல்ல, போன்.