ஆடியிலே ஒரு தேதி

குடியை விட வேண்டும் என்று ஒரு நாளும் நினைக்காத குடிகாரர் இருப்பாரா? எனக்குத் தெரிந்து இல்லை. என் கணவரே வருஷத்துக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை விட்டிருக்கிறார்! தீபாவளி முடியட்டும், தை பிறக்கட்டும், தங்கச்சி கல்யாணம் ஆகட்டும், கான்ட்ராக்ட் பணம் கைக்கு வரட்டும்... எல்லாம் ஒவ்வொன்றாக முடியும். அது மட்டும் முடியாது. எந்தத் தேதியில் விடுவது, எப்படி விடுவது என்ற இரண்டும் எங்கள் வீட்டில் எப்படித் தீர்மானமாயின என்று எழுதுகிறேன். என் நிலையில் இருக்கும் ஒரு சகோதரிக்கு உபயோகப்படலாம். (இவரைக் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "எழுது, ஆனா என் பேரைப் போடாதே" என்றார்.)

நாங்கள் இருப்பது திருச்சிக்குப் பக்கத்தில் துவாக்குடி. இவருக்கு வெல்டிங் பட்டறை. கேட், ஜன்னல் கிரில், மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் செய்வார். வேலையில் பெயர் வாங்கினவர். குடியும் கூடவே வளர்ந்தது. முதலில் சனிக்கிழமை, பிறகு உடம்பு வலி என்று தினமும்.

கார்த்திகை பிறந்தால் ஐயப்பனுக்கு மாலை போடுவார். ஒரு மண்டலம் சொட்டுக்கூடத் தொடமாட்டார். அந்த நாட்களில் வீடு எப்படி இருக்கும், போங்கள்! காலையில் சரண கோஷம், ராத்திரி எட்டு மணிக்கெல்லாம் பிள்ளைகளோடு சாப்பாடு. "பார்த்தியா, நினைச்சா நிறுத்திடுவேன். நான் ஒண்ணும் அடிமை இல்லே" என்பார். மலை இறங்கி மாலையைக் கழற்றிய அன்றைக்கே பழைய கதைதான். என் மாமியார் மட்டும், "பரவாயில்லை, வருஷத்திலே ஒன்றரை மாசமாவது சாமி நம்ம பக்கம் இருக்கார்" என்பார்.

2017 கார்த்திகையில் இவர் மாலை போடவில்லை. கேட்டவர்களிடம், "பங்காளி வீட்டிலே தீட்டு" என்றார். பங்காளி வீட்டில் அந்த வருஷம் யாரும் சாகவில்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் விஷயம் எனக்குப் புரிந்துவிட்டது. நாற்பது நாள் நிறுத்த முடிந்த மனுஷருக்கு இப்போது நான்கு நாள்கூட முடியாது.

அப்புறம்தான் வெல்டிங் ராடு டப்பாவுக்குள் பாட்டில் அகப்பட்டது. கடை பகல் பன்னிரண்டு மணிக்குத்தான் திறப்பார்கள். அதனால் முதல் நாள் ராத்திரி வாங்கினதில் கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொண்டு காலையில் குடிக்கிறார். எதற்கு? கை நடுக்கத்தை நிறுத்த. ராடைப் பிடிக்கிற கை நடுங்கினால் வெல்டிங் கோடு பாம்பு மாதிரி நெளியும். ஆசைக்குக் குடித்த காலம் போய், காலையில் மருந்து மாதிரி குடிக்கிற காலம் வந்துவிட்டது. சகோதரிகளே, உங்கள் வீட்டில் காலைக் குடி தொடங்கியிருந்தால் அதைச் சாதாரணமாக எண்ணாதீர்கள். உடம்பே அதற்குப் பழகிவிட்டது என்பதற்கு அது அடையாளம்.

"ஒரு குவார்ட்டர்தானே" என்பது இவருடைய பல்லவி. பின்னால் ஒரு டாக்டர் எங்களுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். குவார்ட்டர் என்பது 180 மில்லி. நம் ஊர் பிராந்தி, ரம்மில் 42.8 சதவிகிதம் சாராயம். அதாவது ஏறக்குறைய 60 கிராம். டாக்டர்கள் ‘ஓர் அளவு’ என்று வைத்திருப்பது 10 கிராம். ஆக, ஒரு குவார்ட்டர் என்பது ஆறு அளவு! நான் பால் கணக்குப் போடுகிறவள். அந்தக் கணக்கைக் கேட்டு எனக்கே தலை சுற்றியது. இவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இவரை மாற்றியது நானோ டாக்டரோ இல்லை, ஒரு பால்கனிக் கைப்பிடி.

2018 சித்திரையில் காட்டூரில் ஒரு புது வீட்டுக்கு மாடிப் பால்கனி வேலை எடுத்திருந்தார். வைகாசியில் அவர்கள் குடிவந்துவிட்டார்கள். கிரகப்பிரவேசத்துக்கு நாங்களும் போய்ச் சாப்பிட்டு வந்தோம். பத்து நாள் கழித்து ஒரு ராத்திரி இரண்டு மணி இருக்கும், இவர் எழுந்து உட்கார்ந்திருக்கிறார்.

"ஏங்க, என்ன?"

"அந்த மூலையிலே பத்த வச்சது சரியாப் பிடிக்கலே. உள்ளே கசடு நிக்குது. கிரைண்டர் போட்டுத் தேய்ச்சுப் பெயிண்ட் அடிச்சு மூடிட்டேன்."

நான் பேசவில்லை.

"அந்த வீட்டிலே ரெண்டு சின்னப் பிள்ளைங்க. அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் எட்டி எட்டிப் பார்க்குதுங்க."

விடிந்ததும் மெஷினைத் தூக்கிக்கொண்டு போய், பெயிண்டைச் சுரண்டி, பழைய வெல்டிங்கை வெட்டி எடுத்து, புதிதாக வைத்துவிட்டு வந்தார். காசு வாங்கவில்லை. வீட்டுக்காரர் இவரைப் பெரிய நாணயஸ்தர் என்று பாராட்டினாராம்! வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "குழந்தை விழுந்துடக்கூடாதேன்னு சரி பண்ணப் போறேன். அதுக்கே குடிச்சுட்டுப் போனாத்தான் கை நிக்குது."

அன்றைக்குத்தான் ‘விடணும்’ என்ற வார்த்தையை என்னிடம் சொல்லாமல் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

உடனே நிறுத்திவிடுகிறேன், பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறேன் என்று கிளம்பினார். நான்தான் பிடித்து நிறுத்தினேன். "இதென்ன கூத்து, குடியை விடுகிறேன் என்றவரைத் தடுத்தாளா?" என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. எங்கள் தெருவில் ஒருவர் அம்மன் கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு, நெடுநாள் குடியை ஒரே நாளில் நிறுத்தினார். இரண்டாம் நாள் வலிப்பு வந்து திண்ணையிலிருந்து விழுந்தார். தெய்வக் குற்றம் என்றார்கள். நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை, நானும் அந்த அம்மனுக்கு விளக்கேற்றுகிறவள்தான். ஆனால் கயிறோடு டாக்டரும் வேண்டும்.

பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவில் டாக்டர் சொன்னது இது. தினமும் நிறையக் குடித்த உடம்பில் மூளை அந்த மயக்கத்துக்கு எதிராக எப்போதும் முடுக்கிவிட்ட நிலையில் இருக்கும். மயக்கத்தைத் திடீரென்று எடுத்துவிட்டால் முடுக்கம் மட்டும் மிஞ்சும். கடைசிக் குடிக்குப் பிறகு ஆறு மணி நேரத்திலேயே நடுக்கம், வியர்வை, குமட்டல் ஆரம்பிக்கலாம். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை சிலருக்குப் புத்தி தடுமாறும். இல்லாத பூச்சியைத் தட்டுவார்கள், பெண்டாட்டியையே யார் என்பார்கள். கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. எல்லோருக்கும் இப்படி வராது. ஆனால் காலையில் கை நடுங்குகிறவர், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தவர், ஈரல் கெட்டவர் யாரும் வீட்டில் தானாக நிறுத்தக்கூடாது. (2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து மதுக்கடைகளைச் சட்டென்று மூடியபோது பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் இதே தொந்தரவோடு எத்தனை பேர் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்!)

"எப்ப வந்து சேர்றீங்க?" என்று கேட்டார் டாக்டர். இவர் வழக்கம் போல, "கையிலே இருக்கிற வேலையை முடிச்சுட்டு..." என்று இழுத்தார்.

"அது தேதி இல்லையே" என்றார் டாக்டர். "காலண்டரிலே ஒரு நாளைச் சொல்லுங்க. அதுவரைக்கும் நீங்களா நிறுத்த வேண்டாம். அன்னிக்கு வந்துடுங்க."

அப்போது ஆனிக் கடைசி. வீட்டுக்கு வந்து தினசரிக் காலண்டரை எடுத்து இரண்டு பேரும் உட்கார்ந்தோம். பட்டறைக்காரன் பெண்டாட்டிக்குத் தெரியும், ஆடியில் கிரகப்பிரவேசம் இல்லை, புது ஆர்டர் வராது. கல்யாணமும் இல்லை, ஆகவே விருந்துக் குடியும் குறைவு. பதினெட்டாம் பெருக்கன்று அண்ணன் தம்பிகள் ஆற்றங்கரையில் கூடுவார்கள், அது தாண்டட்டும். ஆடி 21, ஆகஸ்ட் 6, திங்கட்கிழமை என்று குறித்தோம். குலதெய்வத்துக்குக் கெடா வெட்டு அதற்கப்புறம் வந்தது. "அவங்க கோவிச்சுக்கட்டும், நான் பேசிக்கிறேன்" என்று என் மாமியார் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டார். அட்வான்ஸ் வாங்கியிருந்த மூன்று வேலைகளை ஜூலைக்குள் முடித்தார். கடனைச் சொல்லி ஒத்திவைக்க இடம் இருக்கக்கூடாது என்று மளிகைக் கடைப் பாக்கியையும் தீர்த்தோம்.

திங்கட்கிழமை சேர்ந்தார். முதலில் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றுவார்கள் என்று நினைத்திருந்தேன். அதற்கு முன்னால் தையமின் என்கிற பி1 வைட்டமின் ஊசி போட்டார்கள். நெடுநாள் குடித்தவர் உடம்பில் அது வற்றிப்போயிருக்குமாம். அது இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளைக்குக் கெடுதல் வரலாம் என்று நர்ஸ் விளக்கினார். நடுக்கத்தை அடக்க ஒரு மாத்திரை, நாளுக்கு நாள் அளவைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். (அதுவும் பழக்கமாகக்கூடிய மாத்திரைதான். கடையில் நாமாக வாங்கிக் கொடுக்கவே கூடாது.)

மறுநாள் 7-ம் தேதி சாயங்காலம் கலைஞர் காலமான செய்தி வந்தது. கடைகள் அடைத்து, பஸ்கள் நின்று, ஊரே ஓய்ந்துவிட்டது. மகளுக்குப் போன் போட்டு அத்தையோடு படுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வார்டிலேயே தங்கினேன். அந்த ராத்திரியை மறக்கமாட்டேன். இவர் படுக்கையில் உட்கார்ந்து, இடது கையை முகத்துக்கு நேரே மறைப்பு போலப் பிடித்துக்கொண்டு, வலது கையால் காற்றில் மெல்ல மெல்லக் கோடு இழுத்தார். நிறுத்துவார், தட்டிப் பார்ப்பார், மறுபடி இழுப்பார். "கண்ணைப் பார்க்காதே, திரும்பிக்கோ" என்று என்னை அதட்டினார். வெல்டிங் வெளிச்சம் என் கண்ணில் படக்கூடாதாம்! நர்ஸ் வந்து டாக்டரைக் கேட்டு மருந்தைக் கூட்டினார். வியாழக்கிழமை காலை தெளிந்து, "பசிக்குது" என்றார்.

பத்து நாளில் வீட்டுக்கு வந்துவிட்டோம். அந்த ஆகஸ்டில் காவிரியிலும் கொள்ளிடத்திலும் வெள்ளம். கொள்ளிடத்தின் பழைய பாலத்தில் தூண்கள் சரிந்து விழுந்தன. ஊர் ஜனம் எல்லாம் வேடிக்கை பார்க்கப் போனது. இவரும் மகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு, மண் அரித்தால் தூண் எப்படிச் சாயும் என்று அவளுக்கு ஒரு மணி நேரம் பாடம் நடத்தினார்.

ஆஸ்பத்திரியில் இருப்பது சுலபம். சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரைதான் கஷ்டம். ஆசை வந்தால் அது அலை மாதிரி, கால் மணி அரை மணியில் இறங்கிவிடும் என்று சொல்லியிருந்தார்கள். வெறும் வயிறு, கோபம், தனிமை, அசதி நான்கும்தான் அதைக் கூப்பிடுமாம். எனவே ராத்திரிச் சாப்பாட்டை ஆறரைக்கே போட ஆரம்பித்தேன். இனிப்பு நிறையக் கேட்டார், வேர்க்கடலை உருண்டையும் கேழ்வரகு அடையும் செய்துவைத்தேன். ‘இனிமேல் குடிப்பீங்களா?’ என்ற கேள்வியை மட்டும் நானும் கேட்கவில்லை, யாரையும் கேட்க விடவுமில்லை.

‘அவருக்குத் தெரியாமல் காபியில் கலந்து கொடுங்கள்’ என்று ஒரு பொடி விளம்பரத்தை என் அக்கா கத்தரித்து அனுப்பினாள். குப்பையில் போட்டேன். அந்தப் பொடியில் என்ன இருக்கிறதோ? குடித்தால் ஒத்துக்கொள்ளாமல் செய்கிற டைசல்ஃபிராம் என்று ஒரு மருந்து உண்மையிலேயே உண்டு. அதைத் தின்றவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் இறங்கும். தெரியாமல் கொடுத்தால் உயிரே போகலாம்.

மார்கழியில் ஒரு சாவு வீட்டுக்குப் போனவர் குடித்துவிட்டு வந்தார். நான்கு மாதம் சுத்தமாக இருந்து, ஒரே ராத்திரி. மறுநாள் தலையைக் குனிந்துகொண்டு, "அவ்வளவுதான், எல்லாம் போச்சு" என்றார். நான், "நாலு மாசம் இருந்தது பொய்யாகிடுமா? டாக்டர்கிட்டே போவோம், கிளம்புங்க" என்று சட்டையை எடுத்துக் கொடுத்தேன். அன்றைக்குத்தான் டைசல்ஃபிராமைப் பற்றி டாக்டர் முழுவதும் விளக்கி, ரத்தப் பரிசோதனை செய்து, இவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட பிறகு கொடுத்தார். ஒரு வருஷம் சாப்பிட்டார்.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்கும் அப்போதுதான் போனார். 1935-ல் அமெரிக்காவில் அக்ரான் என்ற ஊரில் இரண்டு குடிகாரர்கள் ஒருவரை ஒருவர் தாங்கிப் பிடித்துக்கொண்டதில் பிறந்த சங்கம் அது. கட்டணம் கிடையாது, பேரைச் சொல்ல வேண்டாம். குடும்பத்தாருக்கு அல்-அனான் என்று தனியாக 1951 முதல் இருக்கிறது. சென்னையில் சாந்தி ரங்கநாதன் என்ற அம்மாள், குடியால் கணவரை இழந்த பிறகு 1980-ல் குடி நோயாளிகளுக்காக ஆரம்பித்த டி.டி.கே. ஆஸ்பத்திரியைப் பற்றி அந்தக் கூட்டத்தில்தான் இவர் கேள்விப்பட்டார். 1992-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். எங்கே போவது என்று தெரியாதவர்கள் 14446 என்ற இலவச எண்ணில் கேட்கலாம். மனசு தாளவில்லை என்றால் 14416.

2019 தை முதல் இவர் தொடவில்லை. கணக்கை ஆடியிலிருந்து எண்ணாமல் தையிலிருந்துதான் எண்ணுகிறார், அதில் பிடிவாதம். சில கல்யாணங்களுக்கு இன்றைக்கும் நான் மட்டும்தான் போகிறேன். முகூர்த்தத்துக்கு வந்து சாப்பிட்டுவிட்டு உடனே கிளம்புவதென்றால் அவரும் வருவார்.

பட்டறைக்கு இப்போது யாராவது கூச்சப்பட்டுக்கொண்டு வந்து, "அண்ணே, எப்படி விட்டீங்க?" என்று கேட்பதுண்டு. இவர் ஹோல்டரைக் கீழே வைத்துவிட்டு, முதலில் "காலையிலே கை நடுங்குதா?" என்று கேட்பார். "ஆமா" என்றால் உள்ளே போய்க் காலண்டரை எடுத்து வருவார்.