உயிர்க் கடன்

மேல்மலையனூரில் எங்கம்மா மல்லாட்டைக்குக் களை எடுக்கப்போகும் நிலத்துக்காரர் வீட்டில், தொண்ணூறுகளின் நடுவில் வீடியோ கேம் பெட்டி வாங்கினார்கள். ஜப்பானில் நிண்டெண்டோ 1983இல் கொண்டுவந்த ஃபேமிகாமின் நகல். டி.வி.யில் மாட்டி, கேசட் சொருகி ஆடவேண்டும். படம் வரலன்னா கேசட்டை வாயால் ஊதுவார்கள். ஊத என்னை விட்டதில்லை. எச்சில் படுமாம்.

தனியாக ஆடிச் சலித்துப்போய் அந்த வீட்டுப் பையன் என்னைக் கூப்பிட்டான். "படி தாண்டாதடா" என்றார் அவன் அம்மா. ரிமோட் வயர் குட்டை. டி.வி.யை வாசலோரம் நகர்த்தினான். அவன் உள்ளே, நான் வெளியே.

காண்ட்ரா ஆடினோம். கொனாமி 1988இல் வீட்டுப் பெட்டிக்குக் கொண்டுவந்த ஆட்டம். ரெண்டு பேரும் ஒரே பக்கம் நின்று சுடவேண்டும். ஆளுக்கு மூணு உயிர். ஒருத்தனுக்குத் தீர்ந்துபோனால் கூட்டாளியின் உயிரை எடுத்துக்கொள்ளலாம். கேட்கவேண்டியதில்லை, பட்டனை அமுக்கினால் போதும்.

அவன் அடிக்கடி செத்தான். என் உயிரை எடுத்துக்கொண்டு ஓடினான். அதுக்குத் தீட்டில்லை.

தாகமெடுத்துத் தண்ணி கேட்டேன். குனியச் சொல்லி, கையேந்த வைத்து, மேலிருந்து ஊற்றினார்கள்.

ராத்திரி அம்மாவிடம் ஆட்டத்தைப் பற்றிச் சொன்னேன். களைவெட்டு வாங்கின கையை விளக்கில் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

"அந்தப் பொட்டியில மட்டுமாடா எடுக்குறாங்க?"