கார் பொலிஷ்: நாமே போடுவதா, கடைக்குக் கொடுப்பதா?



கொஞ்ச நாளாக எங்களிடம் ஒரே கேள்விதான் வருகிறது. "உங்கட கறுப்பு வேகன் ஆர் புதுசு மாதிரி மின்னுதே, எங்க கட் அன்ட் பொலிஷ் போட்டீங்க?" பாடசாலை வாசலில் கேட்கிறார்கள், ஜும்ஆ முடிந்து வரும்போது கேட்கிறார்கள், மரைன் டிரைவில் நடக்கப்போன இடத்திலும் கேட்கிறார்கள். பதில் கொஞ்சம் நீளமானது. அதனால் இங்கே எழுதிவிடுகிறோம்.

முதலில் "நாங்கள்" யார் என்று சொல்ல வேண்டும். கொட்டாஞ்சேனையில் ஒரே பாடசாலையில் படிப்பிக்கும் மூன்று ஆசிரியர்கள். மூவரும் வெள்ளவத்தையில் குடியிருக்கிறோம். 2022இல் எரிபொருள் வரிசையில் வாகனங்கள் நாட்கணக்காக வெயிலில் நின்ற காலத்தில், மூன்று வீட்டுக்கு ஒரு கார் போதும் என்று சேர்ந்து போகத் தொடங்கினோம். வரிசை முடிந்தது, பழக்கம் முடியவில்லை. கார் ஒருவருடையது. பெற்றோலும் பராமரிப்பும் மூவருடையது. ஆகவே பொலிஷ் போடுவதா இல்லையா என்பதும் மூவர் கூடி எடுக்கிற முடிவு.

இது வெறும் அழகு விஷயம் என்று நினைக்க வேண்டாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் கதவு திறந்தது 2025 பெப்ரவரி 1ஆம் திகதி. இடையில் 200 ரூபாயாக இருந்த டொலர் 360 வரை போய் வந்தது. வரியையும் சேர்த்துப் பார்த்தால் ஆசிரியர் சம்பளத்தில் புதுக் கார் என்பது கனவு. இருக்கிற பழைய கார்தான் பலருக்கு வீட்டுக்கு அடுத்த பெரிய சேமிப்பு. எங்கள் காரின் சொந்தக்காரரும் மகள் பல்கலைக்கழகம் போகும்போது இதை விற்கும் எண்ணத்தில் இருக்கிறார். அந்த நாள் வரை பெயின்ட் தாக்குப்பிடிக்க வேண்டும்.

இனி விஷயத்துக்கு வருவோம்.

கறுப்பு, கடும்நீல வாகனங்களில் வெயில் படும்போது சூரியனைச் சுற்றிச் சிலந்தி வலை போல வட்ட வட்டமாகக் கோடுகள் தெரியும். கடைக்காரர்கள் "ஸ்வேர்ல் மார்க்" என்பார்கள். எங்களில் ஒருவர் விஞ்ஞான ஆசிரியை. அவர் விளக்கம் இது: அந்தக் கீறல்கள் பெரும்பாலும் வட்டமானவை அல்ல, எல்லாத் திசையிலும் போகும் மெல்லிய கோடுகள். வெளிச்சத்தை நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்பும் கோணத்தில் இருப்பவை மட்டும் தெரிவதால் வட்டம் போலத் தோன்றுகிறது. சந்தேகம் என்றால் வீட்டில் பழைய எவர்சில்வர் சஹனை மின்குமிழுக்குக் கீழே பிடித்துப் பாருங்கள். தேய்த்துத் தேய்த்துக் கழுவிய சஹனிலும் அதே வலைதான்.

இப்போது "கட்" என்ற சொல்லைக் கவனியுங்கள். கட் என்றால் வெட்டுவது. கீறலை யாராலும் அழிக்க முடியாது. கீறலின் அடி மட்டம் வரைக்கும் சுற்றியுள்ள மேற்பரப்பைத் தேய்த்துத் தாழ்த்துகிறார்கள், அவ்வளவுதான். எல்லாம் சமமானதும் கோடு மறைகிறது, பளபளப்பு வருகிறது. தேய்ந்துபோனது திரும்பி வராது.

எவ்வளவு தேய்க்கலாம்? இன்றைய கார்களில் நிறத்துக்கு மேலே நிறமில்லாத ஒரு படை இருக்கிறது, கிளியர் கோட். வெயிலின் புறஊதாக் கதிரைத் தடுப்பதும் அதுவே. அதன் தடிப்பு பொதுவாக 35 முதல் 50 மைக்ரோன். ஒரு தலைமுடியின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்ரோன். அதாவது முடியை விட மெல்லிய ஒரு போர்வைதான் உங்கள் காருக்கு. மெல்லிய பொலிஷ் ஒன்று அதில் ஒரு மைக்ரோன் அளவை எடுக்கும். கடும் கொம்பவுண்ட் போட்டு மெஷினால் வெட்டினால் சில மைக்ரோன்கள் போகும். கடதாசி போட்டு உரசினால் இன்னும் அதிகம். நாங்கள் இதை வங்கிப் புத்தகம் மாதிரிப் பார்க்கிறோம். இந்தக் கணக்கில் பணம் போட முடியாது, எடுக்க மட்டுமே முடியும்.

பழைய மொரிஸ் மைனர் காலத்துப் பழக்கம் ஒன்று நமது குடும்பங்களில் இருக்கிறது. பெருநாள் வந்தால், கல்யாணம் வந்தால் காருக்கு ஒரு கட் அன்ட் பொலிஷ். அந்தக் காலத்துப் பெயின்டில் தனிக் கிளியர் கோட் கிடையாது. மேலே வெயிலில் செத்து வெளிறிய நிறத்தைத் தேய்த்து எடுத்தால் கீழே நல்ல நிறம் வரும். துணியிலும் காரின் நிறமே ஒட்டும். இப்போதைய கார்களில் அதே கணக்கு செல்லாது. வருடத்துக்கு இரண்டு தடவை வெட்டினால் கிளியர் மெலிந்து, கூரையிலும் பொனட்டிலும் வெள்ளை வெள்ளையாக உரியத் தொடங்கும். அதற்குப் பொலிஷ் மருந்து இல்லை. முழுப் பெயின்ட்தான்.

எங்களிடம் ஒரு கடையில் சொன்னார்கள், "ஆறு மாசத்துக்கு ஒருக்கா கட் பண்ணினா எப்பவும் இப்படியே இருக்கும் சேர்" என்று. பெயர் வேண்டாம். மேலே உள்ள கணக்கை நீங்களே போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே நாங்கள் கேட்ட முதல் கேள்வி "யார் பொலிஷ் போடுவது" என்பதல்ல. "கீறல் எங்கிருந்து வருகிறது?" என்பதே. விடை கழுவுவதிலும் துடைப்பதிலும் இருக்கிறது. வெள்ளவத்தையில் கடல் காற்று உப்பையும் நுண்மணலையும் கொண்டுவந்து படிய வைக்கிறது. கொட்டாஞ்சேனையில் துறைமுகத்துக்குப் போய்வரும் கொள்கலன் லொறிகளின் தூசி. இந்த இரண்டும் சேர்ந்த காரைக் காலையில் காய்ந்த துணியால் துடைத்தால் அது துடைப்பதல்ல, மண்கடதாசி போட்டு உரசுவது. பல தொடர்மாடிகளில் காவலுக்கு இருக்கும் ஐயாமார் விடியற்காலையில் ஒரே துணியால் பத்துக் காரைத் துடைத்து வைப்பார்கள். அவர்களுடைய உழைப்பு அது, குறை சொல்ல மாட்டோம். எங்கள் ஐயாவுக்கு மாதக் காசு இன்னும் கொடுக்கிறோம். "துடைக்க வேண்டாம், கண்ணாடி மட்டும் போதும்" என்று அன்பாகச் சொல்லியிருக்கிறோம்.

வீட்டில் நாங்கள் செய்வது இவ்வளவுதான்:

1. காலை வெயில் ஏறுமுன், நிழலில். சூடான பொனட்டில் தண்ணீர் காய்ந்தால் உப்புப் புள்ளி நிற்கும்.

2. முதலில் தண்ணீரை மட்டும் ஊற்றி உப்பையும் மணலையும் இறக்குவது. இந்த நேரத்தில் துணி படவே கூடாது.

3. இரண்டு வாளி. ஒன்றில் கார் ஷாம்பு, மற்றதில் வெறும் தண்ணீர். ஒரு பகுதி கழுவியதும் துணியை வெறும் தண்ணீரில் அலசி, பிறகுதான் ஷாம்பு வாளிக்குள். இரண்டு வாளி என்றால் தண்ணீர் அதிகம் என்று நினைக்க வேண்டாம். ஹோஸைத் திறந்துவிட்டுக் கழுவுவதை விட மிகக் குறைவு. வுழூவுக்கே தண்ணீரை அளந்து பாவிக்கச் சொல்லித் தரப்பட்டவர்கள் நாம்.

4. மேலிருந்து கீழே. டயருக்கும் அடிப்பகுதிக்கும் வேறு துணி. பழைய பனியன் துணி வேண்டாம், மைக்ரோபைபர் துணி வாங்குங்கள். கீழே விழுந்த துணியை அப்படியே திரும்ப எடுத்துப் பாவிக்க வேண்டாம்.

5. பாத்திரம் கழுவும் திரவம் மெழுகைக் கழற்றிவிடும். வழமையாகப் பாவிப்பதற்கு அது சரிவராது.

6. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கையால் மெழுகு. கார்னோபா மெழுகு பிரேசிலில் வளரும் ஒரு பனை வகையின் இலையிலிருந்து வருகிறது. அது எதையும் வெட்டாது, மேலே ஒரு காப்பாக நிற்கும். பறவை எச்சம் விழுந்தால் சீக்கிரம் எடுக்க அது உதவும். எச்சத்தை வெயிலில் விட்டுவைத்தால் கிளியரையே பொறித்துவிடும்.

சரி, ஏற்கனவே இருக்கிற கீறலுக்கு என்ன செய்வது? இங்கேதான் "நாமா, கடையா" என்ற கேள்வி வருகிறது.

நகத்தை மெதுவாகக் கீறலின் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். நகம் தடக்கினால் அது ஆழமான கீறல், பொலிஷால் போகாது. தடக்காவிட்டால் பொலிஷுக்கு வாய்ப்பு உண்டு. கையால் போட்டால் மினுக்கம் வரும், வலை முழுதாகப் போகாது. கைக்கு அந்தச் சமமான அழுத்தமும் வேகமும் கிடையாது.

மெஷினில் இரண்டு வகை. ஒன்று ஒரே அச்சில் சுற்றும் ரோட்டரி. வேகமாக வெட்டும், வேகமாகச் சூடாகும். கதவு விளிம்பிலும் பொனட் மடிப்பிலும் ஒரு சில கணம் அதிகம் நின்றால் கிளியர் போய்விடும். பிளாஸ்டிக் பம்பரில் இன்னும் ஆபத்து, சூடு பரவிப் போக அங்கே இரும்பு இல்லை. மற்றது சுற்றிக்கொண்டே அசையும் டி.ஏ. மெஷின். மெதுவானது, பாதுகாப்பானது. பழகாத கைக்கு ரோட்டரி வேண்டவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. டி.ஏ. மெஷினை இரவல் எடுக்க முடிந்தால், மென்மையான பஞ்சும் ஆக மெல்லிய பொலிஷும் வைத்து இரண்டடிக்கு இரண்டடி ஓர் இடத்தில் முதலில் சோதியுங்கள். அது போதுமென்றால் அதற்கு மேல் கடுமையானதைத் தொட வேண்டாம். கறுப்பு ரப்பர், பிளாஸ்டிக் ஓரங்களுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள், பொலிஷ் பட்டால் வெள்ளையாக நிற்கும். சாமான்களைப் பஞ்சிகாவத்தையில் ஒரு சுற்று விசாரித்து வாங்கலாம்.

நாங்கள் ஒரு போயா விடுமுறையில் பின்கதவிலும் இரண்டு பக்கக் கதவிலும் இப்படித்தான் செய்தோம். மூன்று பேர், ஒரு காலைப்பொழுது. நல்லாகவே வந்தது. கூரையையும் பொனட்டையும் தொடவில்லை. அவை இரண்டும்தான் வெயிலை முழுதாக வாங்குபவை, இதற்கு முன் எத்தனை தடவை வெட்டுப்பட்டதோ தெரியாத இடங்கள். அவற்றைத் தொழில் தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோனோம்.

கொட்டாஞ்சேனைப் பக்கம் சின்ன இடம், இளம் தம்பி ஒருவர். மெஷினை எடுக்கவில்லை. முதலில் கைக்கு அடக்கமான ஒரு மீற்றரை எடுத்து ஒவ்வோர் இடமாக வைத்துப் பார்த்தார். பெயின்டின் மொத்தத் தடிப்பை அது காட்டும். கதவுகளில் 105, 110 என்று வந்தது. பொனட்டில் 95. இடது முன்பக்க மட்காட்டில் 240. "இது பிறகு அடிச்ச பெயின்ட் சேர், வாங்கும்போது சொன்னவங்களா?" என்றார். சொல்லவில்லை. கூரையின் நடுவில் வைத்தார், 78. இன்னொரு தடவை வைத்தார். அதேதான்.

"சேர், பொனட்டுக்கு மெல்லிசா ஒண்டு போடலாம். கூரையில கை வெக்க ஏலா. வெச்சா இண்டைக்கு மின்னும், ரெண்டு வருஷத்துல உரியும்."

"கொஞ்சமாச்சும் போடுங்க தம்பி, கோடு தெரியுதே."

"கோடு இருந்தா பரவாயில்ல டீச்சர். கிளியர் இல்லாட்டி ஒண்டுமில்ல."

கூரைக்கு மெழுகு மட்டும் பூசினார். அதற்குக் காசும் குறைத்தே எடுத்தார். முழுக் காருக்கும் வெட்டி முழுக் காசும் வாங்கியிருக்கலாம். நாங்கள் கண்டுபிடித்திருக்கவே மாட்டோம், கார் அன்று இன்னும் நன்றாகவே மின்னியிருக்கும். தொழில்காரருக்கு நாம் கொடுக்கும் காசு மெஷினுக்கல்ல, எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்த அந்தக் கைக்குத்தான் என்று அன்று பேசிக்கொண்டு வந்தோம்.

ஆகவே கடைக்குக் கொடுப்பதென்றால் கேட்க வேண்டியவை:

- தடிப்பு அளக்கும் மீற்றர் இருக்கிறதா? எனக்கு முன்னால் அளப்பீர்களா? (சாதாரண மீற்றர் பிளாஸ்டிக் பம்பரில் வேலை செய்யாது, அது கடையின் குறையல்ல.)

- முதலில் ஒரு சிறு இடத்தில் போட்டுக் காட்டுவீர்களா?

- போடுவது பொலிஷா, கீறலை அடைக்கும் ஃபில்லரா? எண்ணெய்ப் பசையான ஃபில்லர் போட்டால் அன்று கண்ணாடி மாதிரி இருக்கும், நாலு கழுவலில் கோடு திரும்பி வரும். ஐசோப்ரோபைல் அல்கஹோலைத் தண்ணீரில் கலந்து ஓர் இடத்தைத் துடைத்து, வெயிலில் நிறுத்திப் பார்த்தால் உண்மை தெரியும். கடைக்குள் வெளிச்சத்தில் பார்த்துக் காசு கொடுக்க வேண்டாம்.

- செரமிக் கோட்டிங் என்றால், அதற்கு முன் கீறலை எடுப்பீர்களா? கோட்டிங் கீறலைப் போக்காது, இருப்பதை அப்படியே மூடி வைக்கும். அது போட்ட பிறகும் கழுவும் முறை தவறினால் கீறல் வரும்.

கடைசியாக ஒன்று. மீற்றரில் 240 காட்டிய அந்த மட்காட். கார் விற்கும் நாளில் வாங்க வருபவர் மீற்றர் கொண்டுவர மாட்டார். அதைச் சொல்லாமல், ஃபில்லர் போட்டு மினுக்கிக் கொடுத்தால் நல்ல விலை வரும். எங்களுக்குச் சொல்லாமல் விற்றதும் இப்படித்தான். விற்கும் பொருளின் குறையைச் சொல்லி விற்க வேண்டும் என்று பிள்ளைகளுக்கு வகுப்பில் படிப்பிக்கிறோம். சொந்தக்காரர் காரின் ஆவணங்களோடு ஒரு தாள் எழுதி வைத்திருக்கிறார்: எந்தப் பகுதி எத்தனை மைக்ரோன், எங்கே பிறகு அடித்த பெயின்ட், எந்தத் திகதியில் எங்கே பொலிஷ் போட்டது, எங்கே போடவில்லை. அதனால் சில ஆயிரம் குறையலாம். மகளின் படிப்புக்குப் போகும் காசு, அது சுத்தமாக இருக்கட்டும் என்கிறார்.

எங்கள் காரின் கூரையில் இன்றும் கோடுகள் இருக்கின்றன. வெயிலில் நின்று பார்த்தால் தெரியும். கேட்பவர்களுக்கு அதையும் காட்டுகிறோம்.

பெருநாளுக்கு முன் கட் அன்ட் பொலிஷ் போட நினைப்பவர்கள் முதலில் இரண்டு வாளி வாங்குங்கள். பிறகு அளந்து பாருங்கள். அதற்குப் பிறகு தேவையென்றால் பொலிஷைப் பற்றி யோசிக்கலாம். இந்தப் பக்கம் மீற்றர் வைத்து நேர்மையாக வேலை செய்பவர்களை உங்களுக்குத் தெரிந்தால் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லுங்கள். அப்படியானவர்களின் தொழில் நிலைக்க வேண்டும்.